சவுரியப்பன் மச்சானும் மூன்று படி தவிடும்

கடத்தூர் சந்தைக்குப் போகிற வழியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் சவுரியப்பன் எனக்கு அத்தை மகன். மற்ற கடைக்காரர்கள் சைக்கிள் மட்கார்டில் ஒன்று, இரண்டு என்று நம்பர் எழுதுவார்கள். மச்சான் புனிதர்களின் பெயரை எழுதியிருந்தார். அந்தோணியாருக்குப் பிரேக் கிடையாது. சூசையப்பருக்குப் பெரிய கேரியர், மூட்டை எடுத்துப் போக. சந்தியாகப்பர் குதிரை மாதிரி ஓடுவார். செபஸ்தியார் மட்டும் பாவம், உடம்பெல்லாம் அம்பு வாங்கினவர் ஆச்சே, வாரம் மூன்று தரம் பஞ்சர்.

"புனிதர்கள் மேல ஏறி உக்காந்து மிதிக்கிறது மரியாதையா?" என்று எங்கள் ஊர்ச் சாமியார் ஒருமுறை கேட்டார்.

"நடக்க முடியாதவங்கள வூட்ல கொண்டு போய்ச் சேக்கறாங்க சாமி. புண்ணியந்தானுங்களே?" என்றார் மச்சான். சாமியார் அன்றைக்கு அந்தோணியாரில்தான் வந்திருந்தார்.

கடையில் கடிகாரம் கிடையாது. "சேலம் பஸ் போறதுக்குள்ள கொண்டாந்து வுடு" என்பதுதான் கணக்கு. சேலம் பஸ் என்றைக்கும் நேரத்துக்கு வந்ததில்லை என்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் சைக்கிள் பழகிவிட்டோம். நானும்தான். ஏழாம் வகுப்பில் ஃபெயிலாகி வீட்டில் இருந்த எனக்கு அதுதான் மேற்படிப்பு. இது அப்பாவுக்குத் தெரியாது. தெரியவந்த கதை பின்னால் வரும்.

மச்சானுக்குப் போன வருசம், அதாவது 1971-ல், வயசு இருபத்தெட்டு. ஒல்லி உடம்பு, கையில் எப்போதும் கிரீஸ், இடுப்பில் ஸ்பேனர். வலது மூக்கில் கடுகு அளவுக்கு ஒரு குழி. "மூக்குத்தி எங்க மச்சான், அடகுலயா?" என்று நான் கேட்பேன். "அம்மை போட்ட தழும்பு புள்ள, கண்ணு வெக்காத" என்பார். அத்தை மகனைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

ஊரில் அவருக்கு இன்னொரு பெயர் 'தவிடு'. அழுகிற பிள்ளையைப் பார்த்து "உன்னத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லாத வீடு உண்டா? எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மச்சானுக்கு அதைச் சொன்னது ஊரார் இல்லை, பெற்றவளேதான். ரோசம்மா அத்தை அப்பாவின் ஒரே தங்கை. யாராவது "பையன் நல்லா வளந்துட்டானே" என்றால் போதும், "எவங்க பையனோ, தவிட்டுக்கு வாங்கினது, நான் சும்மா சோறு போடறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கிறிஸ்துமசுக்குப் புதுச்சட்டை எடுத்தால் கையில் கொடுக்காது. தரையில் போட்டு, "கெடக்குது, வேணும்னா எடுத்துக்கோ" என்னும். அத்தையின் வாய் அப்படி என்று எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்.

அத்தை 1969-ல் செத்துப்போனது. அதற்கு அடுத்த வாரம் நான் கடைக்குப் போனபோது, டியூபைத் தண்ணீரில் முக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டே மச்சான் சொன்னார்: "ஒரு நாளு கூட 'மவனே'ன்னு கூப்புட்டதில்ல புள்ள. சாவறப்பக்கூட, 'நீ வெளிய போ, போறப்ப கதவச் சாத்து'ன்னுதான் சொன்னாங்க." குமிழி வந்தது. அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு கேலியும் வாயில் வரவில்லை. அதனால் அவர் செருப்பில் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவருக்கும் என் அக்கா இசபெல்லாவுக்கும் கல்யாணம் என்று முடிவானது. தங்கச்சி மகனுக்குத்தான் பெண் என்று அப்பா ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். எங்களவர்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் எல்லோர் முன்னாலும் படிப்பார். அதற்கு ஞானஸ்நானச் சீட்டு வேண்டும். அக்காவின் பெயர் எங்கள் கோயில் புத்தகத்திலேயே இருந்தது. மச்சான் பிறந்ததோ பென்னாகரம் பக்கம். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின அல்லவா, அப்போது கரிமூட்டம் போட ஆட்கள் காட்டுக்குப் போனார்கள். சூசை மாமாவும் ரோசம்மா அத்தையும் அப்படிப் போய் நாலைந்து வருசம் இருந்துவிட்டு, கையில் பிள்ளையோடு திரும்பினவர்கள். மாமா அடுத்த சில வருசத்திலேயே இறந்துவிட்டார்.

சாமியார் அந்தப் பக்கத்துக் கோயிலுக்கு எழுதினார். சீட்டு தபாலில் வந்தது. கோயில் வேலை பார்க்கிற இன்னாசி உபதேசியார் அதை என்னிடம் கொடுத்து, "கடையில குடுத்துரு சகாயமேரி" என்றார். என்னிடம் கொடுத்தது அவர் தப்பு.

வாசலில் அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கட்டிலில் இருந்தார். நான் உறையைப் பிரித்தேன். துண்டை அங்கி மாதிரி தோளில் போட்டுக்கொண்டேன். சாமியார் குரலில் இழுத்து வாசித்தேன்.

"சவுரியப்பன் என்னும் ஆண் குழந்தை... ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து மூணு, மார்ச்சு மாதம்... தகப்பன் பெரியசாமி, தாய் தீர்த்தம்மாள், இருவரும் இந்துக்கள்... ஞானத்தாய் ரோசம்மாள்... ஆமென்!"

ஆமென் சொன்ன பிறகுதான் நான் என்ன படித்தேன் என்பது எனக்கே உறைத்தது. கடலைக்காய் உடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"இன்னொரு தரம் படி" என்றார் அப்பா.

இந்த முறை என் குரலிலேயே படித்தேன். தாய், தீர்த்தம்மாள். ரோசம்மா அத்தை ஞானத்தாய் மட்டுந்தான். கோயிலில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

"அப்ப நெசமாவே தவிடா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் பிடிவாதக்காரர். "என் தங்கச்சி மவன்னுதான் பொண்ணக் குடுத்தேன். எந்த வூட்டுப் புள்ளயோ, எவ பெத்ததோ? நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது? இப்பத்திக்கு ஓலை வேண்டாம்" என்று சாமியாரிடம் போய்ச் சொன்னார். நானும் பின்னாலேயே போயிருந்தேன்.

சாமியார் சீட்டைப் படித்துப் பார்த்து, அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "சின்னப்பா, ஒரு விதத்துல இது சுலபந்தான். அத்தை மகன், மாமன் மகள்னா நெருங்கின ரத்தம். பிஷப் உத்தரவு வாங்கணும், நாளாகும். இதுல பாத்தா உறவே இல்ல. உனக்குச் சம்மதம்னா இந்த ஞாயித்துக்கிழமையே வாசிச்சுரலாம்" என்றார்.

"உறவு இல்லாததுதானுங்களே சாமி தடையே!" என்று அப்பா கத்தினார். கோயிலுக்குத் தடையாக இருப்பது அப்பாவுக்குத் தகுதி, கோயிலுக்குச் சௌகரியமாக இருப்பது அப்பாவுக்குத் தடை. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது தப்புதான்.

நான் கடைக்குப் போனேன். மச்சானுக்கு விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. "பாத்தயா புள்ள, எங்கம்மா ஒரு தரங்கூட பொய் சொல்லல" என்று சிரித்தார். ஆனால் கையில் சைக்கிள் இல்லாத வெறும் சக்கரம் ஒன்றை வைத்துச் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். நிற்கும், மறுபடி சுற்றுவார். செபஸ்தியார் காற்றில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தார். மச்சான் அவரைக் கவனிக்கவே இல்லை.

வீட்டில் அக்கா எனக்குச் சோறு போடும்போது தட்டை ஓங்கி வைத்தாள். "கட்டினா அவரத்தான் கட்டுவேன். வாசல்ல நின்னு கூத்தடிச்சுப் படிச்சயில்ல? நீயே போயித் திருத்திட்டு வா."

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குடும்பத்தில் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஆள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏழாவது ஃபெயிலான நான்தான். மறுநாள் காலையில் அப்பாவிடம் சொன்னேன்: "சீட்டுல தப்பா எழுதியிருக்கலாம்ங்கப்பா. அந்தக் கோயில் புஸ்தகத்தையே போய்ப் பாத்துரலாம். நான் படிச்சுச் சொல்றேன்."

"என் கண்ணால பாக்கணும்" என்றார் அப்பா. எழுத்தே தெரியாத கண்ணால் எதைப் பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பா, மச்சான், நான் என்று மூன்று பேரும் கிளம்பினோம். அப்பா மச்சானோடு பேசுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார். தருமபுரி போய், பஸ் மாறிப் பென்னாகரம் போகிற வரைக்கும் அவர் முன் சீட்டில், மச்சான் பின் சீட்டில், தபால்காரியாக நான் நடுவில்.

"மாமாவுக்குப் பசிக்குதான்னு கேளு புள்ள" என்பார் மச்சான்.

நான் அப்பாவிடம் போய், "உங்க மொகம் வாடிக் கெடக்குதேன்னு மச்சான் பொலம்பறாருங்கப்பா" என்பேன்.

"அவன் வேலயப் பாக்கச் சொல்லு" என்பார் அப்பா.

நான் மச்சானிடம் வந்து, "உங்க மாமா வெத்தல இருக்குதான்னு கேக்கறாரு" என்பேன். மச்சான் சந்தோஷமாக வெற்றிலை மடித்துக் கொடுப்பார். மாற்றிச் சொன்னதால்தான் அப்பா மூன்று வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டார். வாய் நிறைய வெற்றிலையோடு யார்மேலும் முழுக்கக் கோபமாக இருக்க முடியாது.

அந்தக் கோயில் சாமியார் இளவயசுக்காரர். பீரோவிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்து விரித்தார். நான் ஆவலாகக் குனிந்தேன். எல்லாம் லத்தீன். என் ஏழாவதும் அப்பாவின் ஒன்றுமில்லாததும் அங்கே ஒன்றாகிவிட்டது. ஆனாலும் அப்பா அந்தப் பக்கத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்து, "ஆமா, அப்பிடித்தான் போட்டிருக்குது" என்றார்.

"அந்த வருசம் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரச் சாமியார். வந்து ஆறு மாசங்கூட ஆகல. காட்டுக்குள்ள சுத்திப்போயி ஞானஸ்நானம் குடுத்துட்டு வந்து எழுதியிருக்கார். ஊர் கரியன்கொட்டாய்னு போட்டிருக்கு" என்றார் சாமியார். பிறகு என்னைப் பார்த்து, "கோயில் புத்தகத்துல ஞானஸ்நானந்தாம்மா இருக்கும். பிறப்பு எழுதறது ஊர் மணியக்காரர். அவருகிட்டப் பழைய ரிஜிஸ்டர் இருந்தாலும் இருக்கும்" என்றார்.

அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு புத்தகம் ஒன்று சொன்னால் இன்னொரு புத்தகத்தையும் கேட்டுவிட வேண்டியதுதானே?

ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறி, வழியில் ஒரு ரைஸ்மில் பக்கத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு மைல் நடந்தோம். கரியன்கொட்டாய் என்பது பத்துப் பன்னிரண்டு வீடு, நிறைய ஆடு. மணியக்காரர் பச்சியப்பன் வீடு தெரிந்தது, ஓட்டு வீடு அது ஒன்றுதான். வாசலில் அவருடைய சைக்கிள் கிடந்தது. மச்சான் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க உள்ள போயிப் பாருங்க. இந்தச் சக்கரம் கோணலாகி எட்டுப் போடுது. நான் இதப் பாக்கறேன்" என்றார். சைக்கிளைப் பார்ப்பதற்காக இல்லை, புத்தகத்தைப் பார்க்கப் பயந்துதான் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

மணியக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "நகல் வேணும்னா தாலுகா ஆபீஸ்ல மனுப் போடணும். சும்மா பாக்கறதுன்னா பாத்துக்குங்க. ஆனா கரையான் படிச்சது போக மிச்சந்தான் இருக்கும்" என்று ஒரு தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே நீள நீளமான நோட்டுகள். தமிழில்தான் எழுதியிருந்தது. எனக்கு உயிர் வந்தது.

1943. மார்ச்சிலிருந்து பின்னோக்கிப் படித்தேன். தீர்த்தம்மாள் என்று ஒரு பெயர் இல்லை. இன்னொரு முறை பார்த்தேன். அந்த வருசம் தீர்த்தம்மாள் பிள்ளை பெறவே இல்லை. அப்புறம் பிப்ரவரிப் பக்கத்தில் மூலை தின்றுபோன ஒரு வரி.

"ஆண். தகப்பன் சூசை, கிறிஸ்தவர், கரிமூட்டக் கூலி..." என் குரல் தானாகவே உயர்ந்தது. "தாய் ரோசம்மாள்! தாய் ரோசம்மாள்ங்கப்பா!"

அப்பா விரலைக் கொண்டுவந்து, "எங்க?" என்றார். நான் அவர் விரலைப் பிடித்து அந்த எழுத்தின்மேல் வைத்தேன். அதை அவர் எடுக்கவே இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருக்காதே. நோட்டின் பின்பாதி இறப்புக் கணக்கு. அதையும், அதற்கு முந்தின நோட்டுகளையும் புரட்டினேன். 1940-ல் சூசை, ரோசம்மாள் இவர்களின் ஆண் சிசு, வயது எட்டு நாள். 1941-ல் சூசை, ரோசம்மாள், ஆண் சிசு, பதினொரு நாள், காய்ச்சல். பெயர் எழுத வேண்டிய இடத்தில் கோடு போட்டிருந்தது. இதைச் சத்தமாகப் படிக்கவில்லை. அப்பாவின் காதில் மட்டும் சொன்னேன்.

"ரெண்டா?" என்றார் அப்பா. "ஒரு கடுதாசி கூடப் போடலயே, பாவி."

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடிவாதம் திரும்ப வந்தது. "அப்ப கோயில் புஸ்தகத்துல எதுக்குத் தீர்த்தம்மா?"

மணியக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "என்னய ஏன் கேக்கறீங்க? தீர்த்தம்மாளயே கேளுங்க. அதோ ஆடு கத்துது பாருங்க, அந்த வூடுதான். ஆடு கத்தலன்னா அந்தம்மா கத்தும்."

மச்சானையும் அழைத்துக்கொண்டு போனோம். மணியக்காரர் சொன்னது சரிதான். தீர்த்தம்மாள் நல்ல உயரம், கையில் ஒரு நீளமான தொரட்டி. ஆடு வளர்த்துச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்கிற ஆள். "கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்று எங்களைக் கன்னடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, தமிழில் யார் எவர் என்று விசாரித்தார். அப்பா "ரோசம்மா" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். அந்த அம்மாள் தொரட்டியைப் போட்டுவிட்டு நேராக மச்சானிடம் போய் அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"மூக்கக் காட்டுடா."

மச்சான் பயந்துபோய்க் காட்டினார்.

"இதா இருக்குதே! நான் குத்துன தொளை! எங்கடா மூக்குத்தி?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இத்தனை வருசம் நான் கேட்ட அதே கேள்வி.

"அம்மை தழும்பு இல்லீங்களா?" என்றார் மச்சான் மெதுவாக.

"அம்மையாவது! ரெண்டு புள்ள வரிசயாப் போச்சு உங்காத்தாளுக்கு. நீ மூணாவது. பொறந்த அன்னைக்கே மொறத்துல போட்டுக் குப்பமேட்டுல வெச்சுட்டா. நான் அந்த வழியாப் போற மாதிரிப் போனேன். 'இது யாரு போட்ட புள்ள, எனக்கு வேணுமே'ன்னேன். மூணு படி தவிடு அளந்து போட்டு உன்ன வாங்கினேன். எமன் வந்து ரோசம்மா குடிசயில தேடினா அங்க புள்ள ஏது? தீர்த்தம்மா புள்ளயில்ல இருக்குது! நல்ல நாள் பாத்து மூக்கையும் குத்தி வுட்டேன்."

"அப்பறம் கோயில்ல?" என்று நான் கேட்டேன்.

"ஒரு வெள்ளக்காரச் சாமியாரு வந்தாரு. தல மேல தண்ணி ஊத்தறேன்னாரு. 'யாரு தாயி?'ன்னு கேட்டாரு. உங்கத்த என்ன பண்ணும்? எம் புள்ளன்னு வாயத் தொறந்தா வாங்கினது வீணாப் போயிருமே. என்னயப் பாத்துச்சு. நான்தான்னேன். எம் புருசன் பேரயும் சொன்னேன். பின்ன? தவிடு குடுத்தது யாரு? 'புள்ளயப் புடிக்கிறது யாரு?'ன்னாரு. அதுக்கு மட்டும் உங்கத்த ஓடிப்போயி முன்னால நின்னுக்கிச்சு."

பெற்றவளே ஞானத்தாயாக நின்றதை அந்தச் சாமியார் பாவம் மணி மணியாக லத்தீனில் எழுதிவைத்துவிட்டார்.

"ரோசம்மா எது வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு கேட்டா" என்றார் தீர்த்தம்மாள். "கல்யாணம் வரைக்கும். கல்யாணத்துக்கு முன்னால வந்து திருப்பிக் கேளு, குடுக்கறேன். அது வரைக்கும் வாய் தவறியும் 'எம் மவன்'னு சொல்லிராதன்னேன். சொன்னாளா?"

மச்சான் கீழே உட்கார்ந்துவிட்டார். ஒரு ஆட்டுக்குட்டி வந்து அவர் இடுப்பு ஸ்பேனரை நக்கிக்கொண்டிருந்தது.

"சொல்லலீங்க" என்றார். "கடைசி வரைக்கும் சொல்லல. அந்த நேரத்துலயும் என்னய வெளிய போகச் சொல்லிக் கதவச் சாத்தச் சொன்னாங்க. அப்ப அது... உள்ள எமன் வந்திருப்பான்னு..." குட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டார். நான் ஆடுகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "டேய் சவுரி" என்றார். மூன்று நாளில் முதல் வார்த்தை. "எந்திரிடா மாப்ள. ஊருக்குப் போலாம்."

"எங்க கூட்டிப் போறீங்க?" என்று தீர்த்தம்மாள் தொரட்டியைக் கையில் எடுத்தார். "கல்யாணமா? என்னயக் கேக்காமயா? ரோசம்மா வந்து திருப்பி வாங்கல. இன்னைக்குத் தேதிக்கு இவன் எம் புள்ள. மூணு படி தவிட்ட வெச்சுட்டுக் கூட்டிப் போங்க."

"அவ இல்லன்னா என்ன, அவ அண்ணன் நான் இருக்கறேன்!" என்று அப்பா எழுந்தார். "தவிடு எங்க கெடைக்கும்?"

"எங்க வூட்ல கெடைக்கும். எந் தவிட்ட எனக்கே அளப்பீங்களா?"

ரைஸ்மில்லுக்குத்தான் போக வேண்டும், ஒரு மைல். மச்சான் போகக்கூடாது, விலைபோகிற சரக்கு தானே நடந்துபோய்த் தவிடு வாங்கிவருமா? மணியக்காரர் சைக்கிளை மச்சான் நேராக்கி வைத்திருந்தார். அப்பாவுக்குச் சைக்கிள் விடத் தெரியாது. நான் பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறி, "உக்காருங்கப்பா" என்றேன்.

அவர் கேரியரில் உட்கார்ந்து, வண்டி நகர்ந்து, இருபது அடி போன பிறகுதான் கேட்டார்: "ஏம்புள்ள, எப்பக் கத்துக்கிட்ட?"

"போன வருசம்ங்கப்பா. சந்தியாகப்பர்ல."

பின்னாலிருந்து திட்டு ஆரம்பித்தது. நான் ஒரு மேட்டில் ஏற்றி இறக்கினேன். திட்டு நின்று என் தாவணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது ஒரு கையில் என்னையும் ஒரு கையில் தவிட்டுப் பையையும் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வாசலில் முறத்தை வைத்தார்கள். அப்பா படியால் அளந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்தாமல் நாலாவதையும் கொட்டினார்.

"மூணுதானே?" என்றார் தீர்த்தம்மாள்.

"என் தங்கச்சி மவன் வெறும் மூணு படிக்குத்தானா? நாலா இருக்கட்டும்" என்றார் அப்பா. மூன்று நாளைக்கு முன் எந்த வீட்டுப் பிள்ளையோ என்ற அதே வாய்.

தீர்த்தம்மாள் மச்சானைத் தோளைப் பிடித்து அப்பா பக்கம் தள்ளிவிட்டு, "எடுத்துக்குங்க உங்க வூட்டுப் புள்ளய" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரோசம்மா அத்தை திருப்பிக்கொள்கிற மாதிரியே. பிறகு ஆடுகளைப் பார்த்து எதற்கோ கத்தினார்.

மணியக்காரர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் தீர்த்தம்மாளின் கைநாட்டையும் கொண்டுவந்து எங்கள் சாமியாரிடம் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு, "நல்லது. இப்ப அத்தை மகன், மாமன் மகள்னு ஆயிருச்சு. பிஷப் உத்தரவு இல்லாம ஓலை வாசிக்க முடியாது" என்றார்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். சேலத்திலிருந்து உத்தரவு வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "ரொம்ப நெருங்கின ரத்தம் பாருங்க, அதனால லேட்டாவுது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் ஓலைக்கு நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். 'விலை தவிடு நாலு படி' என்று ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, பசை தடவி, பூசைக்குப் போகும்போது மச்சான் முதுகில் ஒட்டுவதாகத் திட்டம். ஆனால் அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஆண்கள் பக்கம் முதல் வரிசையில், வெள்ளைச் சட்டையில், கையில் கிரீஸே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

சாமியார் வாசித்தார்: "காலஞ்சென்ற சூசை, ரோசம்மாள் இவர்களின் மகன் சவுரியப்பனுக்கும்..."

மச்சானின் காது இரண்டும் சிவந்துபோவது பெண்கள் பக்கத்திலிருந்தே தெரிந்தது. மகன் என்ற சொல்லை அத்தனை பேர் முன்னால் ஒருவர் அவரைப் பார்த்துச் சொல்ல, அவர் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். அடுத்து வந்த அக்காவின் பெயர் அவர் காதில் விழுந்திருக்காது என்று இன்றைக்கும் சொல்வேன். அக்காவிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அட்டையை நான் மறைத்துவைத்துக்கொண்டேன். ஆனால் பசை காய்ந்து வீணாகக் கூடாதே. வெளியே வரும்போது அப்பா முதுகில் ஒட்டினேன். சந்தை வரைக்கும் அதோடு போய் வந்தார்.

இரண்டாவது ஞாயிறும் மச்சான் அதே முதல் வரிசை. மூன்றாவது ஞாயிறும். பூசை முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகு, சாமியாரின் பக்கத்தில் போய் நின்றார். நான் மெழுகுவர்த்தி ஏற்றுகிற கம்பித்தட்டுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கேட்கக்கூடாதுதான்.

"சாமி, ஓலை நாலாவது வாரமும் வாசிக்க முடியுங்களா?"

"எதுக்குப்பா? மூணு தரந்தானே சட்டம்? யாராவது தடை சொன்னாங்களா?"

"தடையெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் மச்சான். "கேக்க நல்லா இருக்குதுங்க."